பொருள்நோக்குச் செய்நிரலாக்கமும் உழைப்பின் விவரணமும்: ஓர் அறிமுகம்

'பொருள்', 'வகுப்பு' ஆகிய இரு சொற்களும் தமிழிலே நெடுங்காலமாகப் பயின்று வருவன. பொருள் என்பது சொல்லின் அர்த்தத்தையும் செல்வத்தையும் புறவுலகிலுள்ள பண்டத்தையும் ஒருங்கே சுட்டும். வகுப்பு என்பது வகுத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. ஆகவே அச்சொல்லைக் கேட்டதும், வகுத்தவர் யார் என்ற வினா இயல்பாகவே எழுகின்றது. கணினித் துறையிலே பொருள்நோக்குச் செய்நிரலாக்கம் எனப்படும் முறைமையின் அடிப்படைக் கலைச்சொற்களாக இவ்விரண்டும் இன்று வழங்குகின்றன. ஜாவா, சி பிளஸ் பிளஸ், பைதன் முதலான மொழிகள் இம்முறைமையைத் தழுவியவை. வங்கிக் கணக்கு, வைத்தியசாலைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், புகையிரத ஆசனப் பதிவு என எமது அன்றாட வாழ்வைத் தொட்டுச்செல்லும் பல அலுவல்கள் இத்தகைய மொழிகளில் எழுதப்பட்ட செய்நிரல்களின் வழியே நடைபெறுகின்றன.

இக்கட்டுரை கணினித்துறைப் பயிற்சியில்லாத வாசகரை மனங்கொண்டு எழுதப்படுவது. பொருள்நோக்கு மொழியொன்றின் அடிப்படைக் கருத்துக்களையும் அம்மொழியிற் செய்நிரல் எழுதுவோர் கையாளும் கருவிகளையும் விளக்குவது இதன் முதல் நோக்கம். அவ்விளக்கத்தின் ஊடாக ஒரு கருத்தை வலியுறுத்துவது அடுத்த நோக்கமாகும். செய்நிரல் என்பது இயந்திரத்துக்கு இடப்படும் கட்டளைத் தொகுதி மட்டுமன்று. மனிதர் செய்யும் வேலை பற்றிய ஒரு விவரணமுமாகும். எந்த விவரணத்தையும் போலவே இதுவும் சிலவற்றைத் தெரிந்து கொள்கிறது, சிலவற்றை விட்டுவிடுகிறது. அத்தெரிவினைச் செய்பவர் யார், அதனை வாசித்தறியக் கூடியவர் யார் என்பன தொழினுட்ப வினாக்களாக மாத்திரம் அமையமாட்டா.

1. தோற்றமும் பின்னணியும்

1950களின் பிற்பகுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் வழக்கிலிருந்த போட்ரான், அல்கோல் முதலிய மொழிகளிலே தரவுகள் ஒருபுறமும் அவற்றின்மீது தொழிற்படும் கட்டளைகள் மறுபுறமுமாக நின்றன. கணிதச் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்கு இவ்வமைப்புப் போதுமானதாயிருந்தது. ஆனால் ஒரு தொழிற்சாலையிலோ துறைமுகத்திலோ ஒரே நேரத்தில் நிகழும் பல செயல்களைக் கணினியில் அமைத்துக்காட்ட முனைந்தோர்க்கு அது இடர்ப்பாடாயிற்று.

நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவிலுள்ள நோர்வேக் கணினி நிலையத்தைச் சேர்ந்த கிறிஸ்ரன் நீகார்ட், ஓலே-யொஹான் டால் ஆகியோர் 1962ஆம் ஆண்டு தொடக்கம் சிமுலா என்னும் மொழியை உருவாக்க முற்பட்டமை இத்தேவையை ஒட்டியதேயாகும். நீகார்ட் அதற்கு முன்னர் நோர்வேயின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் நடவடிக்கை ஆய்வுத் துறையிற் பணியாற்றியவர். ஆட்களையும் கருவிகளையும் நேரத்தையும் எவ்வாறு ஒழுங்குபடுத்தினால் ஒரு வேலை விரைவாக முடியும் என்பதே அத்துறையின் பிரதான வினா. சிமுலா என்னும் பெயரே 'போலச்செய்தல்' என்ற கருத்துடைய சொல்லின் அடியாகப் பிறந்தது. அரிஸ்ரோட்டிலின் கலைக்கோட்பாட்டை விளக்கும்பொழுது இலக்கிய மாணவர் கையாளும் தொடரும் இதுவே என்பது மனங்கொள்ளத்தக்கது. வேலைத்தலமொன்றைக் கணினியிற் போலச்செய்து பார்த்தால், உண்மையான வேலைத்தலத்தில் மாற்றங்கள் செய்வதற்கு முன்னரே அவற்றின் விளைவுகளை ஊகிக்கலாம்.

அவர்கள் எதிர்நோக்கிய முதற் பிரச்சினை விவரண நோக்குநிலை பற்றியது. தொடக்கத்தில் அவர்கள் வேலைத்தலத்தைச் சேவை நிலையங்களின் வலைப்பின்னலாகக் கண்டனர். நிலையங்கள் செயற்படுவன, அவற்றினூடாகச் செல்லும் வாடிக்கையாளர் செயலற்றவர். ஆனால் துறைமுகமொன்றை எடுத்துக்கொண்டால், கப்பலே செயற்படுவதென்றும், பாரந்தூக்கியும் இழுவைப் படகும் அது தேவைக்கேற்பப் பெற்றுக்கொள்ளும் செயலற்ற வளங்களென்றும் காண்பதும் அதேயளவு பொருந்தும் எனப் பின்னர் உணரப்பட்டது. இரு நோக்குகளுக்கும் இடமளிக்கும் பொதுக் கருத்தொன்றைத் தேடியதன் விளைவாகவே சிமுலாவின் முதல் வடிவம் அமைந்தது. ஒரே நிகழ்ச்சியில் எவரைச் செயற்படுபவராகவும் எவரைச் செயலற்றவராகவும் சித்திரிப்பது என்பது எழுதுவோனின் தெரிவுக்குரியது என்பதை, நாவலிலக்கியம் பயில்வோர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பிரச்சினை வகைப்படுத்தல் பற்றியது. பாலமொன்றிலே கட்டணம் அறவிடும் சாவடியின் முன்னால் வாகனங்கள் வரிசையில் நிற்கின்றன. அவற்றுட் சில பேருந்துகள், சில பாரவூர்திகள். வரிசையில் நிற்றல் எல்லாவற்றுக்கும் பொது. ஏனைய பண்புகள் வேறுபடுவன. பொதுவானவற்றை ஒரு முறை மட்டும் எழுதி, வேறுபடுவனவற்றை அதன்மேற் சேர்த்துக்கொள்ளும் வழியொன்றை இவ்வுதாரணத்தை ஆராய்கையில் அவர்கள் கண்டறிந்தனர். 1967ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒஸ்லோவில் நடைபெற்ற மாநாட்டில் முன்வைக்கப்பட்ட சிமுலா 67, வகுப்பு, பொருள், மரபுரிமை ஆகிய மூன்றையும் கொண்டிருந்தது. 1972 தொடக்கம் கலிபோர்ணியாவில் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் அலன் கே, டான் இங்கல்ஸ், அடேல் கோல்ட்பேர்க் முதலானோர் உருவாக்கிய ஸ்மோல்ரோக் இக்கருத்துக்களை மேலும் விரிவுபடுத்தியது. சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஜாவா அவற்றை உலகெங்கும் பரப்பியது. டாலுக்கும் நீகார்ட்டுக்கும் கணினித்துறையின் அதியுயர் விருதாகிய ரியூரிங் விருது 2001ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது. இருவரும் 2002இற் காலமாயினர்.

2. வகுப்பும் பொருளும்

துறைமுக உதாரணத்தையே தொடர்ந்து கொள்வோம். கணினியில் ஒரு துறைமுகத்தைப் போலச்செய்து காட்ட விரும்பும் ஒருவர் முதலிற் கப்பல் என்னும் வகுப்பை வரையறுத்தல் வேண்டும். அவ்வரையறை பின்வருமாறு அமையலாம்:

வகுப்பு: கப்பல்
பண்புகள்: பெயர், சரக்கின் நிறை, வந்த நேரம்
செயற்பாடுகள்: துறையை அடைதல், சரக்கை இறக்குதல், புறப்படுதல்

இது எந்தவொரு கப்பலையும் குறிப்பதன்று. கப்பலென நாம் கொள்ளும் எதற்கும் இருக்கவேண்டியவை எவை என்பதை மட்டும் கூறுகின்றது. இவ்வரையறையிலிருந்து, குறித்த பெயரும் குறித்த நிறையும் கொண்ட தனிக் கப்பலொன்றை ஆக்கும்பொழுது கணினியின் நினைவகத்தில் ஒரு பொருள் தோன்றுகிறது. ஒரு வகுப்பிலிருந்து எத்தனை பொருள்களையும் ஆக்கலாம். இரு கப்பல்கள் ஒரே பெயரும் ஒரே நிறையும் கொண்டிருப்பினும் அவை இரு வேறு பொருள்களே. ஒன்றிலிருந்து சரக்கை இறக்கினால் மற்றதன் நிறை குறையாது. எனவே, பொருளொன்றுக்குத் தனக்கெனத் தனித்துவமும், காலத்தோடு மாறும் நிலையும், தான் செய்யக்கூடிய செயல்களும் உண்டு எனலாம். தரவும் கட்டளையும் பிரிந்து நின்ற பழைய முறைக்கும் இதற்குமுள்ள அடிப்படை வேறுபாடு இதுவேயாகும்.

பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தி விடுப்பதன் மூலமே செய்நிரல் இயங்குகின்றது. துறைமுகம் கப்பலை நோக்கிச் 'சரக்கை இறக்கு' எனச் செய்தி விடுக்கின்றது. கப்பல் பாரந்தூக்கியை நோக்கி 'இதனைத் தூக்கு' என்கிறது. ஸ்மோல்ரோக்கை உருவாக்கியோர் இச்செய்திப் பரிமாற்றத்தையே முறைமையின் உயிர்நிலையாகக் கருதினர்.

இங்கு சொல்லாட்சி பற்றிய குறிப்பொன்று அவசியமாகின்றது. ஆங்கிலத்திலே சமூக வர்க்கத்தையும் செய்நிரல் வகுப்பையும் ஒரே சொல் குறிக்க, தமிழில் அவை இரு சொற்களாகப் பிரிந்துள்ளன. இப்பிரிவு எமக்கு வாய்ப்பானதே. வர்க்கம் என்பது உற்பத்தி உறவுகளில் மக்கள் வகிக்கும் இடத்தினால், வரலாற்றினூடாகத் தோன்றுவது. செய்நிரல் வகுப்போ ஒருவர் தம் தேவை கருதி வரையறுத்துக்கொள்வது. முன்னையதைப் பின்னையது போல வெறும் பெயர்சூட்டலாக்குவதும், பின்னையதை முன்னையது போல உலகில் ஏலவே உள்ளதொன்றாக மயங்குவதும் ஒருங்கே தவறாகும். திணையும் பாலும் வகுத்த எமது இலக்கண மரபிலே பொருள்நோக்குச் செய்நிரலாக்கம் அன்றே இருந்ததெனச் சிலர் பெருமைகொள்ள முற்படலாம். வகைப்படுத்தல் மனித சிந்தனைக்குப் பொதுவானது. சிமுலா தோன்றுவதற்குக் காரணமாயிருந்தது இருபதாம் நூற்றாண்டின் கைத்தொழில் முகாமைத்துவத்தின் தேவைகளேயாம்.

3. உறையிடல், மரபுரிமை, பல்லுருவம்

பொருளொன்றின் உள்நிலையை வெளியார் நேரடியாக மாற்றாதவாறு மறைத்தல் உறையிடல் எனப்படும். கப்பலின் சரக்கு நிறையை எவரும் நினைத்தவாறு மாற்ற இயலுமாயின், அது பூச்சியத்திலும் குறைந்த எண்ணாக ஆகிவிடவுங்கூடும். 'சரக்கை இறக்குதல்' என்னும் செயற்பாட்டின் வாயிலாக மட்டுமே அதனை மாற்றலாம் என விதித்து, உள்ள நிறையிலும் கூடுதலாக இறக்க முடியாதென அச்செயற்பாட்டினுள்ளே ஒரு நிபந்தனையையும் எழுதிவிட்டால், அத்தவறு நேரமாட்டாது. வெளியார்க்குத் தெரிவது செயற்பாட்டின் பெயரும், அது வேண்டுவதும் தருவதும் மட்டுமே. இவ்வெளித்தோற்றம் இடைமுகம் எனப்படும். நூற்றுக்கணக்கானோர் கூடி எழுதும் பெருஞ் செய்நிரல்களில் ஒருவர் மற்றவரின் பகுதியை முழுமையாக அறியாமலே தம் பகுதியை எழுத இது வழிசெய்கிறது. வேலைப்பிரிவினையின் ஒரு வடிவமென இதனைக் கொள்வது தவறாகாது.

மரபுரிமை என்பது பாலத்துச் சாவடியிற் கண்ட கருத்தின் வளர்ச்சியாகும். கப்பல் என்னும் வகுப்பிலிருந்து எண்ணெய்க் கப்பல், கொள்கலக் கப்பல் என்னும் வகுப்புக்களைப் பெறலாம். பெற்ற வகுப்புத் தாய்வகுப்பின் பண்புகளையும் செயற்பாடுகளையும் உரிமையாகக் கொண்டு, தனக்குரிய சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளும். பல்லுருவம் இதன் விளைவாகும். 'சரக்கை இறக்கு' என்ற ஒரே செய்தியைப் பெறும் எண்ணெய்க் கப்பல் குழாய் வழியாகவும், கொள்கலக் கப்பல் பாரந்தூக்கியாலும் இறக்குகின்றன. செய்தி விடுப்போர் எதிரே நிற்பது எவ்வகைக் கப்பலென அறியவேண்டியதில்லை. புதிய வகைக் கப்பலொன்று பின்னர் சேர்க்கப்படினும் முன்னர் எழுதிய பகுதிகளை மாற்றாது விடலாம்.

எனினும் மரபுரிமைக்கு எல்லையுண்டு. பயணிகளையும் சரக்கையும் ஒருங்கே ஏற்றும் கப்பல் வந்துவிட்டால் அது எந்தத் தாயின் பிள்ளை என்ற இடர் எழுகின்றது. ஜாவா ஒரு வகுப்புக்கு ஒரு தாய்வகுப்பை மட்டுமே அனுமதிக்கும். ஆனால் பல இடைமுகங்களை ஏற்க இடந்தருவதன் மூலம் இவ்விடரை ஓரளவு தீர்க்கிறது. உலகம் எப்பொழுதும் கிளைவிட்ட மரம்போல் அமைந்திருப்பதில்லை என்பதை அனுபவமுள்ள செய்நிரலாளர் நன்கு உணர்வர். அதனாலேயே மரபுரிமையை அளவோடு பயன்படுத்துமாறு அவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

இவை மூன்றுக்கும் அடிப்படையாய் அமைவது அருவப்படுத்தல், அதாவது தேவையற்றதை விலக்கித் தேவையானதை மட்டும் கொள்ளுதல் ஆகும். அருவப்படுத்தலின்றி எந்த அறிவியலும் இல்லை. சமூக ஆய்வுக்கும் அது இன்றியமையாதது. ஆயின் எது தேவையற்றது என்பதை எங்ஙனம் துணிவது? எமது துறைமுகத்திலே சரக்கை இறக்கும் தொழிலாளரை எவ்வாறு குறிப்பிடுவோம்? 'தொழிலாளர் எண்ணிக்கை: 12' எனப் பாரந்தூக்கியின் பண்புகளுள் ஒன்றாகச் சேர்க்கலாம். அல்லது தொழிலாளி என்பதைத் தனி வகுப்பாக அமைத்து, திறமை, வேலை தொடங்கிய நேரம், எடுத்த ஓய்வு ஆகியவற்றை அதன் பண்புகளாக்கலாம். முதலாவது முறையில் ஒரு தொழிலாளி இன்னொருவருக்கு எவ்வகையிலும் வேறானவரல்லர்; களைப்பும் அனுபவமும் அங்கே இடம்பெற வழியில்லை. அச்செய்நிரல் தவறேதும் செய்யாது. ஆனால் பன்னிரண்டைப் பதினொன்றாக்கினால் எத்தனை நிமிடம் தாமதமாகும் என்பதை அது சொல்லும். எஞ்சிய பதினொருவர்க்கு என்ன நேரும் என்பதைச் சொல்லாது. இரண்டாவது முறை மனிதரைக் கணக்கிற் கொள்கின்றதெனினும், ஒவ்வொருவரின் ஓய்வு நேரத்தையும் மேற்பார்வையாளர் கண்காணிக்கும் கருவியாகவும் அதுவே மாறக்கூடும். ஆகவே எம்முறை நல்லதென்பதை, அவ்விவரணம் எவர் கையில் எதற்காகப் பயன்படுகின்றது என்பதை விட்டுத் தனியே தீர்மானிக்க இயலாது.

4. கருவிகள்

செய்நிரலாளர் எழுதுவது வெறும் எழுத்துக்களாலான பிரதியே. அது இயங்கும் நிலையை அடைவதற்குப் பல கருவிகள் துணைசெய்கின்றன. ஜாவாவை உதாரணமாகக் கொண்டு அவற்றை ஒழுங்காக நோக்கலாம்.

முதலாவது, பிரதியை எழுத உதவும் தொகுப்புக் கருவி. ஜாவாவின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாயினும், வகுப்பு, பண்பு, செயற்பாடு ஆகியவற்றுக்கு நாம் இடும் பெயர்களைத் தமிழெழுத்திலேயே எழுத அம்மொழி இடமளிக்கின்றது. கட்டளைச் சொற்களையும் தமிழிற் கொண்ட எழில் என்னும் பயிற்சிமொழியும் உருவாக்கப்பட்டுள்ளது.

இரண்டாவது, கொம்பைலர் எனப்படும் தொகுப்பான். இது பிரதியை முழுமையாகப் பரிசீலித்து இயந்திரத்துக்கு ஏற்ற வடிவாக மாற்றுகிறது. அதன் பரிசீலனையை விளங்கிக்கொள்ள எமது இலக்கணம் நல்ல உவமையாகும். 'கண்ணகி வந்தான்' என்பது பால்வழு; 'மாடு வந்தார்' என்பது திணைவழு. எழுவாயின் வகையும் பயனிலையின் வகையும் இயையவில்லை. அதுபோலவே, கலங்கரை விளக்கம் என்னும் வகுப்பைச் சேர்ந்த பொருளுக்குச் 'சரக்கை இறக்கு' எனச் செய்தி விடுத்தால், அவ்வகுப்பில் அத்தகைய செயற்பாடு இல்லையெனக் கூறித் தொகுப்பான் பிரதியை ஏற்க மறுக்கும். ஆனால் 'கண்ணகி கோவலனைக் கொன்றாள்' என்ற வாக்கியத்தில் இலக்கண வழு எதுவுமில்லை, கதைதான் பொய்யாகிறது. இத்தகைய பொய்யைத் தொகுப்பான் கண்டுபிடியாது. தொகுப்பான் ஏற்றுக்கொண்ட செய்நிரல் சரியானதே என்று கருதுவது தொடக்க மாணவர் பலர்க்கு நேரும் மயக்கமாகும்.

மூன்றாவது, ஜாவாவின் மெய்நிகர் இயந்திரம். தொகுப்பான் தரும் இடைநிலை வடிவத்தை எந்தக் கணினியிலும் இயக்கவல்ல மென்பொருள் இது. இதனாலேயே ஒரு முறை எழுதியதை எங்கும் இயக்கலாம் என்பது ஜாவாவின் விளம்பர வாசகமாயிற்று. எந்தப் பொருளாலும் சுட்டப்படாது எஞ்சிய பொருள்களை நினைவகத்திலிருந்து அகற்றும் பணியையும் இதுவே தானாகச் செய்கிறது. முற்பட்ட மொழிகள் சிலவற்றில் இப்பணி செய்நிரலாளரின் பொறுப்பாயிருந்து பல தவறுகளுக்குக் காரணமாயிற்று.

நான்காவது, வழுநீக்கி. செய்நிரலை ஒரு வரியில் நிறுத்தி, அவ்வேளையில் ஒவ்வொரு பொருளும் என்ன நிலையிலுள்ளது என்பதைக் காட்டுவது இதன் தொழில். கூர்ந்து வாசித்தல் என இலக்கிய மாணவர் அறிந்த முறைக்கு இது மிக அணித்தானது. இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது சோதனைக் கருவி. '100 தொன் சரக்குள்ள கப்பலில் 40 தொன் இறக்கினால் 60 எஞ்ச வேண்டும்' என்பது போன்ற எதிர்பார்ப்புக்களை முன்கூட்டியே எழுதிவைத்து, ஒவ்வொரு மாற்றத்தின் பின்னரும் அவை நிறைவேறுகின்றனவா எனப் பார்க்கலாம். தொகுப்பான் காணாத பொய்யைக் காண்பதற்கு இதுவே வழி.

ஐந்தாவது, பிரதியின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி. 2005ஆம் ஆண்டில் லினஸ் ரோவால்ட்ஸ் உருவாக்கிய கிற் இன்று பெருவழக்காயுள்ளது. எந்த வரியை யார் எப்பொழுது மாற்றினார், முன்னர் அது எவ்வாறிருந்தது என்பவற்றை இது காத்துவைக்கும். ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைத் தீர்மானிக்க சி. வை. தாமோதரம்பிள்ளை முதலானோர் பட்ட பாட்டினை அறிந்தவர்கள் இக்கருவியின் பெறுமதியை எளிதில் உணர்வர்.

தொடக்க மாணவர்க்கு இவை யாவும் ஒருங்கே தேவைப்படா. 1999இல் அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்கென ஆரம்பிக்கப்பட்ட புளூஜே என்னும் இலவசச் சூழல், வகுப்புக்களைப் பெட்டிகளாக வரைந்து காட்டுகிறது. ஒரு பெட்டியிலிருந்து பொருளை ஆக்கி, அதற்குச் செய்தி விடுத்து, அதன் நிலை மாறுவதைக் கண்ணாற் காணலாம். இரண்டு மூன்று வகுப்புக்களை எழுதி, அவற்றுக்கிடையே செய்திகள் செல்வதைப் பார்த்த பின்னரே மரபுரிமைக்குச் செல்லுதல் நன்று.

5. விவரணமும் அதிகாரமும்

வேலைத்தலங்களைப் போலச்செய்யப் பிறந்த மொழி, வேலைத்தலங்களை மாற்றியமைக்கும் கருவியாகப் பயன்பட்டமை எதிர்பார்க்கத்தக்கதே. சிமுலா பரவிய காலத்தில், அது தொழிலாளரின் வேலையைச் சலிப்பூட்டுவதாகவும் அறிவு குறைந்ததாகவும் நேர நெருக்கடி மிக்கதாகவும் ஆக்கக்கூடும் என்பதை அதன் ஆக்கியோருள் ஒருவராகிய நீகார்ட்டே உணர்ந்தார். தாம் ஒருமைப்பாடு கொண்டிருந்த மக்களுக்கு எதிராகவே தமது ஆக்கம் திரும்பக்கூடும் என்பது அவருக்கு அறஞ்சார்ந்த நெருக்கடியாயிற்று. 1970களின் தொடக்கத்தில் அவர் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்து ஆய்வுத்திட்டமொன்றில் ஈடுபட்டார். நிபுணர்கள் அறிக்கை எழுதிக் கையளிக்கும் வழமையான முறை அங்கே கைவிடப்பட்டது. தொழிலாளர் தத்தம் வேலைத்தலங்களிற் புகுத்தப்படும் கணினி முறைமைகளைத் தாமே ஆராய்ந்தனர். அதன் அடிப்படையிற் சங்கக் கிளைகள் மேற்கொள்ளும் நடவடிக்கைகளே ஆய்வின் பெறுபேறுகளாகக் கொள்ளப்பட்டன.

இம்முயற்சியின் தொடர்ச்சியாக 1975இல் நோர்வேயின் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்கும் தொழில்வழங்குநர் சம்மேளனத்துக்கும் இடையே தேசிய மட்டத்தில் உடன்படிக்கையொன்று ஏற்பட்டது. கணினி முறைமைகள் பற்றிய தகவல்களைப் பெறத் தொழிலாளர்க்குள்ள உரிமையை அது ஏற்றது. அத்துறையிற் சிறப்பறிவில்லாதோரும் விளங்கிக்கொள்ளத்தக்க வடிவில் அத்தகவல்கள் அமையவேண்டுமெனவும் விதித்தது. 1977ஆம் ஆண்டு வேலைச்சூழற் சட்டத்திலும் இக்கருத்து இடம்பெற்றது. மொழி பற்றிய இந்நிபந்தனை எமது துறையினரின் தனிக்கவனத்துக்குரியது. விளங்காத மொழியில் வழங்கப்படும் தகவல், மறுக்கப்பட்ட தகவலுக்குச் சமமே. வேலையை வகுத்துத் திட்டமிடுதலும் அதனைச் செய்தலும் இரு வேறு மனிதரிடம் பிரிக்கப்படுவதைப் பற்றி ஹரி பிறேவர்மன் தமது நூலை வெளியிட்டதும் (1974) இதே காலப்பகுதியிலேயாகும். நோர்வேயின் அனுபவத்தை மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. உறுதியான தொழிற்சங்க இயக்கமும் சாதகமான அரசியற் சூழலும் அதற்குப் பின்புலமாயிருந்தன; தகவலறியும் உரிமை உற்பத்திச் சாதனங்களின் உடைமையை மாற்றிவிடவும் இல்லை.

வாசிக்கும் உரிமை மறுக்கப்படின் நேர்வது யாது என்பதற்குப் பிரித்தானியாவின் அஞ்சற்றுறையில் நிகழ்ந்தது சான்று. 1999 தொடக்கம் அங்கு உப அஞ்சலகங்களிற் புகுத்தப்பட்ட ஹொறைஸன் என்னும் கணக்குமுறைமை, இல்லாத பணக்குறைவுகளை உள்ளனவாகக் காட்டியது. அக்குறைவுகளை ஈடுசெய்யும் பொறுப்பு உப அஞ்சலதிபர்கள்மீது சுமத்தப்பட்டது. 2015 வரையிலான காலத்தில் 900க்கு மேற்பட்டோர் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். கணினி சரியாகவே இயங்கியதெனக் கொள்வது அந்நாட்டு நீதிமன்றங்களின் மரபாயிருந்தது. அது பிழையென நாட்டவேண்டியவர்க்கோ அதனுள்ளே நோக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. அம்முறைமையில் வழுக்கள் இருந்தன என 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்கும் சட்டம் 2024 மே மாதத்திலேயே நிறைவேறியது. இது எந்தவொரு செய்நிரல் மொழியினதும் குற்றமன்று. செய்நிரலினுள்ளே தவறுகளைத் தடுப்பதற்கெனக் கொள்ளப்பட்ட உறை, சமூகத்திலே தவறுகளை மறைக்கும் திரையாகியமையே இங்கு நிகழ்ந்தது. மனிதர்க்கிடையிலான உறவுகள் பொருள்களுக்கிடையிலான உறவுகளாகத் தோற்றங்கொள்வதை மார்க்ஸ் பண்டங்களை ஆராய்கையில் விளக்கினார். தொழில்வழங்குநர் கூற்று ஒருபுறமும் தொழிலாளர் கூற்று மறுபுறமுமாக நின்றிருக்க வேண்டிய வழக்கு, இங்கே இயந்திரத்தின் எண்ணாக மட்டும் தோற்றமளித்தது.

உடைமைப் பிரச்சினை இடைமுகத்தையும் விட்டுவைக்கவில்லை. ஜாவாவின் பெரும்பகுதி 2006 தொடக்கம் திறந்த உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. 2010இல் சன் நிறுவனத்தை வாங்கிய ஒரக்கிள், அவ்வாண்டே கூகிள் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தது. கூகிள் தனது அன்ட்ரொயிட் முறைமைக்காக ஜாவாவின் வகுப்புக்களினதும் செயற்பாடுகளினதும் அறிவிப்பு வரிகள் ஏறத்தாழ 11,500ஐப் பிரதிசெய்தது என்பதே முக்கிய குற்றச்சாட்டுக்களுள் ஒன்று. உட்செயலைக் கூகிள் தானே எழுதியிருந்தது. பெயர்களும் அவற்றின் ஒழுங்கமைப்புமே வழக்கின் பொருளாயின. 2021 ஏப்ரிலில் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது நியாயமான பயன்பாடே எனத் தீர்ப்பளித்தது. ஆனால் அத்தகைய வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற அடிப்படை வினாவை அது தீர்க்காது விட்டது. ஆயிரக்கணக்கானோர் கற்று, பழகி, தம் உழைப்பினால் வழக்குமொழியாக்கிய சொற்றொகுதியை ஒரு நிறுவனம் தன் தனியுடைமையெனக் கோரமுடியுமா என்பது, மொழியாய்வாளர் வெளியே நின்று பார்க்கும் விடயமாயிருத்தல் தகாது.

முடிவாக

பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்தின் அடிப்படைகள் கற்றற்கு அரியனவல்ல. வகுப்பை வரையறுத்தல், பொருளை ஆக்குதல், செய்தி விடுத்தல், மறைக்கவேண்டியதை மறைத்தல், பொதுவானதை ஒருமுறை மட்டும் எழுதுதல் ஆகியவற்றைச் சில வாரப் பயிற்சியில் விளங்கிக்கொள்ளலாம். அவற்றைத் தமிழில் விளங்கிக்கொள்வதற்கான சொற்களும் பெரும்பாலும் எம்மிடம் உள்ளன. எமது பாடசாலைகளிலே தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் தமிழ்மொழி மூலம் கற்பிக்கப்படுகின்றது. ஆனால் பல்கலைக்கழகத்துக் கணினிக் கல்வி ஆங்கிலத்தில் நிகழ்வதால், பாடசாலையிற் கற்ற கலைச்சொற்கள் வாசலோடு நின்றுவிடுகின்றன. அவை வளர்வதற்கான ஆய்வும் விவாதமும் நூல்களும் தோன்றாவிடின், செய்நிரல்கள் பற்றிப் பேசுவது நிபுணர்களின் தனியுரிமையாகவே எஞ்சும். தமிழ்ச் சங்கங்களும் தமிழ்த் துறைகளும் இதில் ஆற்றவேண்டிய பணி கலைச்சொற் பட்டியல் தயாரிப்பதோடு முடிவதன்று. செய்நிரலொன்றை ஒரு பிரதியாக வாசித்து, அதன் தெரிவுகளையும் விடுபடல்களையும் எடுத்துக்காட்டும் உரைமரபொன்றைத் தோற்றுவித்தலும் அதன்பாற்படும்.

இன்று செய்நிரல்களை இயந்திரங்களே எழுதித்தரும் நிலை ஏற்பட்டுள்ளது. எழுதுதல் எளிதாகும்பொழுது வாசிக்கும் பொறுப்புக் கூடவே செய்கின்றது. சம்பளத்தைக் கணிக்கும் செய்நிரலில் தொழிலாளி என்னும் வகுப்புக்கு எப்பண்புகள் வழங்கப்பட்டுள்ளன, எவை மறைக்கப்பட்டுள்ளன என வினவும் ஆற்றல், அச்சம்பளத்தைப் பெறுவோரிடமும் அவர்தம் சங்கங்களிடமும் இருத்தல் வேண்டும். ஒஸ்லோவில் இம்மொழிகளின் மூலத்தை ஆக்கியவர்களுள் ஒருவர் உலோகத் தொழிலாளரிடம் சென்றதும் இவ்வாற்றலை வளர்ப்பதற்கேயாம்.